எத்தனை எலி?

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்பறிவியல் துறையில் மூளை வெட்டுவது என் வேலையாக இருந்தது. பதவியின் பெயர் தொழில்நுட்ப உதவியாளர். கோவில்பட்டியிலிருந்து டி.எம்.எல்.டி. முடித்துவிட்டு வந்தவன், எங்காவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலத்தைத் தள்ளுவான் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா, "இப்பவும் எலி மூளையத்தான் அறுத்துக்கிட்டு இருக்கியா?" என்பார். ஆமாம் மாமா என்பேன். ஓய்வுபெறும்வரை அந்தப் பதிலை மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை.

துறையில் வாரத்துக்கு இரண்டு கூட்டங்கள். திங்கட்கிழமை காலையில் ஜர்னல் கிளப். மாணவர் ஒருவர் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து விளக்குவார், மற்றவர்கள் அதைப் பிய்த்துப் போடுவார்கள். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு செமினார். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு விஞ்ஞானி வந்து பேசுவார், சில வாரம் எங்கள் மாணவர்களே பேசுவார்கள். அதற்கு முன்னால் தாழ்வாரத்தில் காபியும் சமோசாவும். இயற்பியல் துறைப் பையன்கள் சிலர் சமோசாவுக்காகவே வந்து, வந்ததற்கு உள்ளேயும் ஒரு எட்டு எட்டிப்பார்ப்போம் என்று அரங்கில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நரம்பணுவின் மின்னோட்டத்தைப் பற்றிய பேச்சு என்றால் உருப்படியான கேள்வி பெரும்பாலும் அந்தச் சமோசா கோஷ்டியிடமிருந்துதான் வரும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பு இழையில் அளந்து 1952-ல் எழுதிவைத்த சமன்பாடுகளை எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். அந்தப் பையன்களோ காபி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்கள்.

உதவியாளர்கள் செமினாருக்கு வரவேண்டும் என்று கட்டாயமில்லை. வரக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. முதல் தடவை நான் போனது வேடிக்கை பார்க்கத்தான். எங்கள் ஆய்வக மாணவர் அன்று பேசினார். திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு படம் எழுந்ததும், இது நான் வெட்டின துண்டு என்று தெரிந்துவிட்டது. ஓரத்தில் ஊசியால் குத்திய சின்னத் துளை. வலது எது இடது எது என்று பின்னால் குழப்பம் வராமலிருக்க, வெட்டுவதற்கு முன் மூளையின் ஒரு பக்கத்தில் நான் குத்திவைக்கிற துளை அது. கண்ணாடித் தகட்டில் வெறும் கண்ணுக்கு மங்கலாகக்கூடத் தெரியாத சமாச்சாரம், சுவர் அகலத்துக்கு நிற்கிறது. அன்றைக்குப் பிறகு நான் புதன்கிழமைகளில் நான்கு மணிக்கு வேறு வேலை வைத்துக்கொண்டதில்லை.

அந்தப் படம் திரைக்கு வந்துசேரும் வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பேசுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால். எலியை முழுமையாக மயக்கிய பிறகு, இதயத்தின் இடது கீழறை வழியாக உப்புநீரைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுவோம். கல்லீரல் சிவப்பு போய் வெளிறினால் ரத்தம் வடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து 4 சதவீதப் பாராபார்மால்டிஹைடு. எலியின் உடம்பு விறைக்கும். நமக்குக் கண்ணும் மூக்கும் எரியும். பச்சை மூளை பிஞ்சு நுங்கு மாதிரி, கத்தி பட்டால் நசுங்குமே தவிர வெட்டுப்படாது. மருந்து ஏறினால்தான் கெட்டிப்படும். பிறகு மண்டையோட்டைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்து மூளையை எடுத்து, 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போட்டுவைக்க வேண்டும். முதலில் மிதக்கும். சர்க்கரை உள்ளே ஏற ஏற, இரண்டு மூன்று நாளில் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகே உறையவைக்கலாம். மிதக்கிறதை அவசரப்பட்டு உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் வளர்ந்து திசு முழுக்க ஓட்டை விழும். மைனஸ் 20 டிகிரியில் இருக்கிற கிரையோஸ்டாட்டில் 40 மைக்ரான் தடிமனுக்கு வெட்டுவேன். ஒரு மில்லிமீட்டருக்கு 25 துண்டு. ஒவ்வொன்றையும் மெல்லிய ஓவியத் தூரிகையால் தொட்டெடுத்து, குழிகள் போட்ட தட்டில் வரிசை மாறாமல் மிதக்கவிட வேண்டும். மூச்சை வேகமாக விட்டால் துண்டு சுருண்டுகொள்ளும்.

செமினாரில் இவ்வளவும் 'வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தி' என்று ஆகிவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு மணி நேரத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது. ஆனால் நல்ல செமினார் எது, சுமாரான செமினார் எது என்று பின்வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பேச்சு முடிந்தபின் யாராவது ஒருவர், பேச்சாளரைத் திரையிலிருந்து இறக்கி, மேசைக்கும் மருந்து வாளிக்கும் எலிக்கூண்டுக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டால் அது நல்ல செமினார். மற்றதெல்லாம் படக்காட்சி.

எங்கள் துறையில் அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தவர், முன்வரிசையில் வலது ஓரத்து நாற்காலியில் உட்காரும் உடலியங்கியல் பேராசிரியை. எல்லோருக்கும் அவர் வெறும் மேடம். மடியில் ஒரு சின்ன நோட்டு. அதில் எண்களை மட்டும் குறித்துக்கொள்வார். வண்ணப்படம் வரும்போது தலையை நிமிர்த்தவே மாட்டார், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதாவது எண் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், "ஹவ் மெனி ஆனிமல்ஸ்?" என்று ஆரம்பிப்பார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், "120 நரம்பணுக்கள்" என்று பெருமையாகச் சொன்னார். 120 நரம்பணு சரி, எத்தனை எலி என்றார் மேடம். மூன்று. அந்த மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகளா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். மேடம் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரே தாயின் ஒரே ஈற்றுக் குட்டிகள் என்றால் மேடத்தின் நோட்டில் 120 என்பது ஒன்று என்று ஆகிவிடும். ஒரு வயிற்றில் வளர்ந்து ஒரே பாலைக் குடித்தவை ஒன்றுபோல இருப்பதில் அதிசயம் என்ன?

அடுத்த கேள்வி, ஆணா பெண்ணா. எலி ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாக ஆண் எலிகளை மட்டுமே வைத்துப் பார்ப்பது பழக்கமாக இருந்தது. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்று சாக்கு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2016-ல்தான், நிதி கேட்பவர்கள் இருபாலையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று விதியாக்கியது. மேடம் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே இந்தக் கேள்வியைக் கேட்டுச் சலிப்பூட்டிக்கொண்டிருந்தார்.

ஜர்னல் கிளப்பில் மேடத்தின் கட்சிக்கு ஆள் சேர்த்த கட்டுரைகள் இரண்டு. ஒன்று, செத்த மீன். கிரெய்க் பென்னட் என்பவரும் கூட்டாளிகளும் செத்துப்போன அட்லாண்டிக் சால்மன் மீன் ஒன்றை எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் சொல் என்று கேட்டார்கள். கணினி கணக்குப் போட்டு, மீனின் மூளையில் ஒரு புள்ளி வேலை செய்கிறது என்று காட்டியது. மூளையைப் பல ஆயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் புள்ளியியல் சோதனை வைத்தால் தற்செயலாகவே சில தேறிவிடும். அதற்கான திருத்தத்தைச் சேர்த்ததும் மீன் மறுபடி செத்துப்போனது. 2009-ல் ஒரு மாநாட்டில் போஸ்டராக ஒட்டிய அந்த வேலைக்கு 2012-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. எங்கள் மாணவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மூளைப்பட ஆய்வு ஒன்றைப் பேச வந்த பையன் முதல் வாக்கியமாக, "திருத்தம் போட்டாச்சு" என்றான்.

இரண்டாவது கட்டுரைக்கு யாரும் சிரிக்கவில்லை. 2013-ல் கேத்தரின் பட்டனும் மற்றவர்களும் எழுதியது. நரம்பறிவியல் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றின் புள்ளியியல் ஆற்றலின் நடுமதிப்பு 21 சதவீதம்தான் தேறியது. அதாவது, உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தால்கூட, ஐந்து ஆய்வில் ஒன்றுதான் அதைப் பிடிக்கும். அதைவிட மோசம், இவ்வளவு குறைவான எண்ணிக்கையில் எதையாவது பிடித்துவிட்டால் அது பொய்யாக இருக்கவும் மிகையாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். காரணம் பழையது: எண்ணிக்கை போதாது. அன்று மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காபியை மட்டும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

இப்படி எண்ணிக்கையிலேயே நிற்கிறவர் ஒற்றை ஆளைப் பற்றிய பேச்சை என்ன செய்வார் என்று எனக்கு ஆவல் இருந்தது. அதற்கும் ஒரு புதன்கிழமை வந்தது. பேச்சு ஹென்றி மொலேசனைப் பற்றி. உயிரோடு இருந்தவரை உலகத்துக்கு அவர் எச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். 1953-ல், 27 வயதில், அடங்காத வலிப்புக்காக வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலிருந்தும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. அத்தோடு புதிய நினைவுகள் உருவாவதும் நின்றுபோயிற்று. ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957-ல் எழுதிய கட்டுரைதான், நினைவுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற பேச்சை உறுதியாக்கியது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மொலேசன் நாளுக்கு நாள் தேறினார். பயிற்சி செய்தது மட்டும் ஞாபகமில்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புது விளையாட்டு.

பேச்சு முடிந்ததும் பாதி அரங்கம் மேடத்தைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து, "ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றை ஐம்பது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே" என்று பேச்சாளரைக் கடிந்துகொண்டார்.

2008 டிசம்பரில் மொலேசன் இறந்தார். ஒரு வருடம் கழித்து சான் டியேகோவில் யாக்கோப்போ அன்னேசே அவருடைய மூளையை ஜெலட்டினில் புதைத்து உறையவைத்து, 70 மைக்ரான் தடிமனுக்கு வெட்டினார். 53 மணி நேரம், 2401 துண்டு, இணையத்தில் நேரலை. எங்கள் ஆய்வகத்தின் கணினியைச் சுற்றி மாணவர்கள் கூடி நின்றார்கள். அவர்கள் சரித்திரத்தைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். கத்தி ஒரு தரம் ஓடி முடிந்ததும், தூரிகையால் துண்டை வாரிக் குழிக்குள் விடுகிற அதே அசைவு. எலிமூளைத் துண்டு என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இது உள்ளங்கையைவிட அகலம். மடியாமல் எடுப்பதற்கு என்ன பாடு பட்டிருக்க வேண்டும்! சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று நான் கிளம்பிவிட்டேன். காலையில் வந்து பார்த்தபோதும் வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்துகிற நேரத்தில் எங்கள் ஆய்வகத் தலைவர் வந்து, "ஓவர்டைம் கேட்பாயா?" என்று என்னைச் சீண்டினார்.

நான் உட்கார்ந்த கூட்டங்களிலேயே என் மனத்தில் ஆழமாக உட்கார்ந்தது 2018-ல் நடந்தது. அது ஒரு சண்டை. வளர்ந்த மனிதரின் மூளையில் புதிய நரம்பணு பிறக்குமா, பிறக்காதா? பிறக்காது என்பது நரம்பறிவியலின் முன்னோடி ரமோன் இ கஹால் காலத்துப் பாடம். 1965-ல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தி, எலியின் ஹிப்போகேம்பஸில் பிறப்புக்குப் பிறகும் புது அணுக்கள் தோன்றுவதைக் காட்டினார்கள். வெகுகாலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1998-ல் எரிக்சனும் கேஜும் மனிதருக்கு வந்தார்கள். ஸ்வீடனில் புற்றுநோய்க் கட்டியைக் கண்காணிக்க பி.ஆர்.டி.யு. என்ற பொருள் செலுத்தப்பட்டிருந்த ஐந்து நோயாளிகளின் மூளைகளில், அவர்கள் இறந்தபின் தேடி, புதிதாகப் பிறந்த அணுக்களைக் கண்டார்கள். 2013-ல் யோனஸ் ஃப்ரிசேன் குழு இன்னும் விசித்திரமான வழியில் போனது. பனிப்போர் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, நம் டி.என்.ஏ.விலும் ஏறியிருக்கிறது. அதை வைத்து அணுக்களின் வயதைக் கணக்கிட்டு, ஒரு பக்க ஹிப்போகேம்பஸில் நாளொன்றுக்கு 700 புது நரம்பணு என்றார்கள். சரி, தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

2018 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆல்வரெஸ்-புய்யா ஆய்வகத்திலிருந்து ஷான் சாரல்ஸ் முதலியோர் எழுதினார்கள்: குழந்தைப் பருவத்திலேயே இது வடிந்துவிடுகிறது, வளர்ந்தவர்களிடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுத்த மாதமே நியூயார்க்கிலிருந்து மௌரா போல்ட்ரினி முதலியோர்: 14 முதல் 79 வயது வரையிலான 28 பேரின் மூளையைப் பார்த்தோம், முதுமையிலும் இருக்கிறது. இரண்டு கட்டுரையையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு ஜர்னல் கிளப் போட்டார்கள். மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். எது சரி, யாருடைய படம் தெளிவு, எந்த ஆய்வகத்துக்குப் பெயர் பெரிது என்றெல்லாம் நேரம் போனது.

மேடம் எழுந்தார். இந்த முறை எத்தனை என்று கேட்கவில்லை. "ஆள் இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மூளையை எடுத்தார்கள்? எத்தனை நேரம் மருந்தில் ஊறியது?"

நான் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரு தரப்பும் தேடியது டபுள்கார்ட்டின் என்ற புரதத்தை. இளம் நரம்பணுவின் அடையாளம் அது. பார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று கொக்கிபோட்டு இணைத்துத்தான் திசுவைக் கெட்டிப்படுத்துகிறது. ஊற ஊறக் கொக்கிகள் கூடும். பிறகு சாயம் தாங்கிய ஆன்டிபாடி வந்து புரதத்தைத் தொட வழி இருக்காது. அதிக நாள் மருந்தில் கிடந்த மூளையில் சில சாயங்கள் ஏறாது என்பது எந்தத் திசுவெட்டுக் கூடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியானால் 'இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அணு இல்லையா, சாயம் ஏறவில்லையா? மாணவர்கள் கட்டுரையின் பின்னிணைப்பைப் புரட்டினார்கள். கட்டுரைக்குக் கட்டுரை, மாதிரிக்கு மாதிரி நேரம் வேறுபட்டது. அணி பிரிந்தவர்கள் எழுந்து ஒரே கணினியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

அடுத்த ஆண்டு மத்ரித்திலிருந்து மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு இதையே கையில் எடுத்தது. வெவ்வேறு கால அளவு ஊறவைத்துப் பார்த்ததில், நேரம் நீள நீள டபுள்கார்ட்டின் அடையாளம் மங்கியது. ஊறும் நேரத்தைக் கட்டுக்குள் வைத்து, 43 முதல் 87 வயது வரையிலான ஆரோக்கியமான 13 பேரின் மூளையில் ஆயிரக்கணக்கில் இளம் நரம்பணுக்களை எண்ணினார்கள். அல்சைமர் நோயாளிகளிடம் அது குறைந்திருந்தது. சண்டை அதோடு முடிந்துவிடவில்லை. மறுதரப்பு, நீங்கள் பார்த்தது இளம் அணுதானா என்று திருப்பிக் கேட்டது. 2025-ல் ஃப்ரிசேன் குழு, பிரிந்து பெருகும் முன்னோடி அணுக்களை 78 வயது வரையிலும் காண முடிகிறது என்று எழுதியது. எனக்கு அந்தப் பக்கமும் வேண்டாம், இந்தப் பக்கமும் வேண்டாம். உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் முட்டிக்கொண்ட ஒரு கேள்வி ஒரு பார்மலின் வாளியில் வந்து நின்றது பாருங்கள், அதில் எனக்கு ஒரு மிதப்பு.

அந்த வாளியை மனித அளவில் பார்க்க வேண்டுமென்றால் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பறிவியல் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கே 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகிறது. நரம்பு நோய்க்குறியியல் பேராசிரியர் எஸ்.கே. சங்கர் வளர்த்தெடுத்தது. பக்கத்திலேயே மூளை அருங்காட்சியகம். பிரேதப் பரிசோதனையில் எடுத்த முழு மூளையை வாளியின் அடியில் வெறுமனே போட்டுவிட முடியாது, தன் கனத்திலேயே தட்டையாகிவிடும். அடிப்பாகத்தில் ஓடும் பேசிலார் தமனிக்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, தலைகீழாக மருந்தில் தொங்கவிடுவது திசுக்கூடங்களின் பழைய வழக்கம். கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். செமினார் ஒன்றுக்காகப் போன அன்று அருங்காட்சியகத்தையும் சுற்றினேன். வருகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். எனக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசை. ஒரு பையன் வாங்கிக்கொண்டு, இது யாருடையது என்று கன்னடத்தில் கேட்டான். காட்டிக்கொண்டிருந்த பெண், ஒரு குடும்பம் கொடுத்தது என்றார். அவன் உடனே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். செமினாரில் யாரும் கேட்காத கேள்வி அது.

கரோனா காலத்தில் புதன்கிழமைகள் கணினிக்குள் போயின. லாபம் இல்லாமல் இல்லை. டிக்கெட் போட்டு வரவழைக்க முடியாதவர்களெல்லாம் வீட்டிலிருந்தபடியே வந்து பேசினார்கள். ஆனால் கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும், ஒருங்கிணைப்பாளர் வாசிப்பார், பேச்சாளர் பதில் சொல்வார், அடுத்தவர் கேள்விக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. எத்தனை என்பது முதல் கேள்வி, ஒரே ஈற்றா என்பது இரண்டாவது. விஷயம் எப்போதும் இரண்டாவதில்தான் இருக்கும்.

அரங்கம் திரும்பத் திறந்தபிறகு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் ஆய்வகத்தில் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஒரு மூலிகைச் சாறு, அதன் பெயர் வேண்டாம், சுண்டெலியின் ஹிப்போகேம்பஸில் புது நரம்பணுக்களைக் கூட்டுமா என்பது ஆய்வு. ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். இன்னும் இரண்டு கூட்டத்துக்குச் சாறு, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். நான்காவது கூட்டத்துக்கு ஓடுவதற்குச் சக்கரம். சக்கரத்தில் ஓடும் சுண்டெலிக்குப் புது நரம்பணு கூடும் என்பது 1999-லேயே ஹென்ரியெட் ஃபான் பிராக் காட்டியது. அதனால் அது உரைகல்.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. எண்ணுகிறவருக்கு எந்த ஸ்லைடு எந்தக் கூட்டம் என்று தெரியக்கூடாது. நான் பெயர்ச்சீட்டின்மேல் காகிதம் ஒட்டி வெறும் எண் போட்டுக் கொடுப்பேன். எந்த எண் எந்த எலி என்பது ஒரு பதிவேட்டில் இருக்கும். பதிவேடு என் மேசை டிராயரில், சாவி என் பையில். ஆறு துண்டுக்கு ஒன்று வீதம் எடுத்து, இருட்டறையில் நுண்ணோக்கியில் கண் வைத்து ஒவ்வொரு புள்ளியாக எண்ண வேண்டும். மாதக்கணக்கில் ஓடும் வேலை.

ஒருநாள் ஊரிலிருந்து தேங்காய் பர்பி கொண்டுவந்தவள், டப்பாவை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணா, ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் எதுன்னு சொல்லுங்ணா. கண்ணே பூத்துப்போச்சு."

"எண்ணி முடிச்சிட்டு வாம்மா."

"சாமி சத்தியமா ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்ணா."

"யார்கிட்ட சொன்னாலும் பரவாயில்லம்மா. உன் கண்ணுகிட்ட சொல்லிட்டா, அது கேட்டுக்கிட்டே எண்ணும்."

முறைத்துவிட்டுப் போனாள். பர்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

எண்ணி முடித்த அன்று ஆய்வகத் தலைவர், அவள், நான் மூவரும் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தோம். நான் எண்ணை வாசிக்க வாசிக்க அவள் கணினியில் நிரப்பினாள். சக்கரம் ஓடிய கூட்டம் தெளிவாக உயர்ந்து நின்றது. சாறு குடித்த கூட்டங்கள் இரண்டும் தண்ணீர்க் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அப்படியேதான் இருந்தது. தலைவர், "இப்படியே எழுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவளுடைய திறந்த வாய்மொழித் தேர்வுக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. மூலிகைக்கு எங்கும் பக்தர்கள் உண்டு. அவள் பேச்சில் தடுமாற்றம் எதுவும் இல்லை. இந்தச் சாறு, இந்த அளவுகளில், இந்தக் காலத்துக்குள், சுண்டெலியில் புது நரம்பணுவைக் கூட்டவில்லை என்று ஒரே ஸ்லைடில் போட்டாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முதலில், சாயமே சரியாக ஏறவில்லையோ என்னவோ என்றார். சக்கரக் கூட்டத்தைக் காட்டினாள். எலி எத்தனை, எத்தனை ஈற்று என்றார். அதற்கும் தனி ஸ்லைடே வைத்திருந்தாள். முன்வரிசை வலது ஓரத்தில் மேடம் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். தேர்வாளர், "சங்கேத எண்ணை யார் வைத்திருந்தது?" என்றார். அவள் கடைசி வரிசையைக் காட்டினாள். பதிவேடு வேண்டும் என்றார்.

நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அரங்கம் முழுக்கக் காத்திருக்க, அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"17-ல் ஏன் அடித்தல்?"

"வெட்டும்போது ஹிப்போகேம்பஸ்ல டென்டேட் ஜைரஸ் ஓரத்துல கிழிஞ்சிருச்சு சார். பக்கத்துத் துண்டை வச்சேன். எண்ணக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே மாத்தினது. தேதியும் கையெழுத்தும் இருக்கு."

"கிழிந்த துண்டு?"

"தூக்கிப் போடல சார். 17-அ-ன்னு பெட்டியில இருக்கு."

பார்க்க வேண்டும் என்றார். அவரும் அவளும் நானும் மாடியேறி நுண்ணோக்கி அறைக்குப் போனோம். விளக்கைப் போட்டு 17-அ-வை வைத்துக் கொடுத்தேன். பார்த்தார். பக்கத்துத் துண்டையும் பார்த்தார். "கிழிசல்தான்" என்று சொல்லி, படிவத்தை அங்கேயே என் மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர் என் பக்கம் திரும்பினார்.

"பிளேடை எத்தனை மூளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?"

"ஒவ்வொரு மூளைக்கும் சார்."

அதையும் குறித்துக்கொண்டார்.